கறுப்புக் காய் கையில் வந்தால்...

காமன் ரூமில் செஸ் போர்டை விரித்த உடனே எல்லோர் வாயிலும் முதலில் வரும் வார்த்தை என்ன தெரியுமா? "டேய், வெள்ளை எனக்கு!" ஏன் என்று கேட்டால், "முதல்ல நகர்த்தலாம்ல" என்பார்கள். நியாயம்தான். ஆனால் போட்டி என்று போனால் பாதி ஆட்டம் கறுப்பில்தான் ஆடியாக வேண்டும். எதிராளி முதலில் ஒரு காயை நகர்த்திவிட்டு கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். அந்த நிமிடம் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? அந்தப் பதிலுக்குத்தான் செஸ்ஸில் டிபென்ஸ் என்று பெயர். எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஜூனியர் தம்பிகள் அடிக்கடி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. தப்பாகத் தேர்ந்தெடுத்து அடி வாங்கியவன், அவ்வளவுதான்.

முதலில் அந்த அடியைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான மண்டலப் போட்டிக்கு நாலு பேர் கொண்ட அணியில் மூன்றாவது போர்டு எனக்குக் கிடைத்தது. கிடைத்த உடனே நான் செய்த முதல் காரியம், சிசிலியன் டிபென்ஸில் நஜ்டார்ப் என்ற வகையை மனப்பாடம் செய்தது. ஏன் நஜ்டார்ப்? பாபி ஃபிஷர் ஆடினார், காஸ்பரோவ் ஆடினார், அதனால் நானும் ஆடினேன்! இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. தெர்மல் பேப்பருக்குப் படிக்க வேண்டிய இரவுகளில் உட்கார்ந்து பதினைந்து மூவ் வரை உருப்போட்டேன். வெள்ளை பிஷப் ஜி5-க்கு வந்தால் இது, இ3-க்கு வந்தால் இது, சி4-க்கு வந்தால் இது. எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

(போர்டைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு: வெள்ளையின் இடது கையிலிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்று எட்டு வரிசை. வெள்ளையின் பக்கத்திலிருந்து கறுப்பின் பக்கம் வரை 1 முதல் 8. இ4 என்றால் இ வரிசையில் நாலாவது கட்டம். இன்ஜினியரிங் டிராயிங் போட்ட நமக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை.)

போட்டி நாள் வந்தது. எதிராளி ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பார்த்தால் பாவம் போல இருந்தார். சிப்பாயை இ4-க்கு நகர்த்தினார். நான் கம்பீரமாக சி5 வைத்தேன். அவர் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவர வேண்டும். என் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அவரோ டி4 வைத்தார். எனக்குத் திக்கென்றது. சரி, சும்மா கிடைக்கிறதே என்று வெட்டினேன். அவர் சி3 வைத்தார். அதையும் வெட்டினேன். அவர் குதிரையால் திருப்பி வெட்டினார். ஒரு சிப்பாய் எனக்கு லாபம்! நான் டி6 வைத்தேன். அவர் பிஷப்பை சி4-க்குக் கொண்டுவந்தார். நஜ்டார்ப் பழக்கத்தில் என் கை தானாகவே குதிரையை எஃப்6-ல் வைத்தது. அவர் இ5 என்று சிப்பாயைத் தள்ளினார். நான் டி6 சிப்பாயால் வெட்டினேன். இப்போது இரண்டு சிப்பாய் லாபம்!

அடுத்து அவர் பிஷப்பால் எஃப்7-ல் வெட்டி, "செக்" என்றார். என் ராஜாவுக்கு வேறு கட்டமே இல்லை, பிஷப்பை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினேன். டி வரிசை முழுக்கத் திறந்து கிடந்தது. அவருடைய ராணி டி1-லிருந்து நேராக டி8-க்கு வந்து என் ராணியை எடுத்துக்கொண்டது. எட்டே மூவ்! அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பிறகுதான் தெரிந்தது, அதற்கு ஸ்மித்-மோரா கேம்பிட் என்று பெயர். நான் விழுந்தது அதிலேயே மிகப் பழைய பொறி. எஃப்6-ல் குதிரையை வைப்பதற்கு முன்னால் இ6 என்று ஒரு சிப்பாயை வைத்து பிஷப்பின் வழியை மறித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

அந்தச் சுற்றில் எங்கள் அணி ஒன்றரைக்கு இரண்டரை என்று தோற்றது. முதல் போர்டில் எங்கள் கேப்டன் அண்ணன் மூன்று மணி நேரம் போராடி ஜெயித்திருந்தார். 2-2 என்று சமனாகியிருந்தால், முதல் போர்டில் ஜெயித்த அணிதான் அடுத்த சுற்றுக்குப் போகும் என்பது விதி. அதாவது நான் ஒரு டிரா எடுத்திருந்தாலே போதும். அவருக்கு அது கடைசி வருடம். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவர், என்னிடம் மட்டும் "வடை சாப்பிடுறியாடா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

தப்பு சிசிலியனுடையதா? கண்டிப்பாக இல்லை. உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட டிபென்ஸ்களில் அது ஒன்று. தப்பு என் தேர்வில். நஜ்டார்ப் என்ற ஒரு தெருவை மட்டும் படித்துவிட்டு, அந்தத் தெருவுக்குள் நுழையலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது வெள்ளைதான் என்பதை மறந்துவிட்டேன். இரண்டாவது மூவிலேயே டி4, சி3, குதிரை சி3 என்று அவர் வேறு தெருவில் திருப்பலாம். மூன்றாவது மூவில் பிஷப்பை பி5-க்கு அனுப்பி செக் சொல்லலாம். நம்மைப் போன்ற மட்டத்தில் ஆடுபவர்களில் பலர் இந்தச் சந்துகளில்தான் போவார்கள். ஏனென்றால் அவர்களும் நஜ்டார்ப் படிக்கவில்லை!

ஆகவே ஒரு டிபென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது, எதிராளி என்னை எத்தனை தெருவுக்கு இழுத்துக்கொண்டு போக முடியும் என்பதை. அடுத்து, ஒரு மூவை மறந்துவிட்டால் என்ன ஆகும்? ஆட்டமே போய்விடுமா, கொஞ்சம் இடம் மட்டும் போகுமா? இந்த இரண்டையும்விட முக்கியமானது சிப்பாய் அமைப்பு. காய்கள் ஓடும், வெட்டுப்படும். சிப்பாய்கள் நின்ற இடத்தில் நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் பவுண்டேஷன் போல்ட் மாதிரி. அந்த அமைப்பு புரிந்துவிட்டால், புத்தகம் முடிந்த பிறகும் எந்தக் காயை எங்கே வைப்பது என்று ஓரளவு தெரியும். மூவ்களை மட்டும் உருப்போட்டவன் பதினாறாவது மூவில் நடுக்காட்டில் நிற்பான்.

வெள்ளை இ4 ஆடினால் என்னென்ன பதில் இருக்கிறது என்று ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

இ5 என்று நேருக்கு நேர் நிற்பது ஒன்று. செஸ் கற்றுக்கொள்பவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். சரியான பேச்சு. காய்களை வெளியே கொண்டுவருவது, காஸ்லிங் பண்ணுவது, நடுக்கட்டங்களைப் பிடிப்பது எல்லாம் இதில் இயல்பாக வரும். ஆனால் கொஞ்சம் முன்னேறிய பிறகு பார்த்தால், ரூய் லோபஸ், இத்தாலியன், ஸ்காட்ச், கிங்ஸ் கேம்பிட், வியன்னா என்று வெள்ளைக்கு அரை டஜன் கதவு திறந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். நம் ஹாஸ்டலில் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து எஃப்7-ல் தியாகம் செய்யும் பையன்கள் மாடிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இதே இ5-ல் ஒரு சுவாரசியமான சம்பவம் உண்டு. 2000-ஆம் ஆண்டு லண்டனில் காஸ்பரோவுடன் உலகப் பட்டத்துக்கு மோதிய கிராம்னிக், ரூய் லோபஸுக்குப் பதிலாக பெர்லின் டிபென்ஸை எடுத்தார். சீக்கிரமே ராணிகள் மாறிவிடும், கறுப்பு காஸ்லிங் பண்ணும் உரிமையையும் இழந்துவிடும். பார்த்தால் பரிதாபமான நிலை. ஆனால் தாக்குதலில் புலியான காஸ்பரோவுக்குத் தாக்க ஒன்றும் இல்லாமல் போனது. பதினைந்து ஆட்டங்களில் ஒன்றுகூட அவரால் ஜெயிக்க முடியவில்லை. 8½-க்கு 6½ என்று பட்டம் கைமாறியது. கிராம்னிக் தேடியது உலகத்திலேயே சிறந்த டிபென்ஸை அல்ல. தனக்குப் பொருந்துவதை, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பிடிக்காததைத் தேடினார்.

இ6 வைத்தால் அது பிரெஞ்சு டிபென்ஸ். அடுத்த மூவில் டி5. இரும்புக் கோட்டை மாதிரி. 2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே நம் குகேஷுக்கு எதிராக டிங் லிரென் இதைத்தான் ஆடி ஜெயித்தார். (கடைசியில் பதினாலாவது ஆட்டத்தில் ஜெயித்து, பதினெட்டு வயதில் பட்டத்தை எடுத்தவர் நம்மவர் என்பது வேறு கதை!) பிரெஞ்சில் ஒரே தொல்லை, சி8-ல் இருக்கும் பிஷப். இ6 சிப்பாய் அதன் வாசலை அடைத்துவிடும். ஆட்டம் முடியும்வரை அந்த பிஷப் வீட்டுக்குள்ளேயே கிடப்பதும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. பொறுமைசாலிகளுக்குப் பிடிக்கலாம்.

டி5 என்ற ஸ்காண்டினேவியன் சுலபம், ஆனால் ராணி இரண்டாவது மூவிலேயே தெருவுக்கு வந்துவிடும். பிர்க் டிபென்ஸில் நடுப்பகுதியை வெள்ளைக்குத் தாரை வார்த்துவிட்டு, பிறகு தாக்க வேண்டும். எப்போது தாக்குவது என்று தெரியாவிட்டால் மூச்சு முட்டிவிடும். எனக்கு முட்டியது.

கடைசியில் நான் வந்து சேர்ந்த இடம் கரோ-கான். 1. இ4 சி6. பார்க்க ஒன்றுமே இல்லாத மூவ். ஒரு சிப்பாய், ஒரே ஒரு கட்டம். எங்கள் ரூமில் ஒருவன், "என்னடா, பயந்து பயந்து வைக்கிற?" என்றான்.

பெயரைப் பார்த்து ஒரே ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பெர்லினில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஹொரேஷியோ கரோ, வியன்னாக்காரர் மார்கஸ் கான் என்று இரண்டு பேர். 1885-ல் ஹாம்பர்க்கில் நடந்த போட்டியில் கான் இதை ஆடி, தாக்குதலுக்குப் பேர் போன ஜாக் மீசஸை 24 மூவில் தோற்கடித்தார். 1886-ல் இருவருடைய ஆராய்ச்சியும் வெளிவந்தது. 1958-ல் ஸ்மிஸ்லாவுக்கு எதிரான மறுபோட்டியில் பொட்வின்னிக் இதை எடுத்து ஆடி பட்டத்தை மீட்டார். பெட்ரோசியன், கார்ப்போவ் இருவருக்கும் இது கைவந்த ஆயுதம். 2013-ல் நம் சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது ஆட்டத்தில் ஆனந்த் இ4 வைத்ததும் கார்ல்சன் வைத்த பதில் சி6. 25 மூவில் டிரா.

இதன் எண்ணம் ரொம்ப எளிமை. அடுத்த மூவில் டி5 வைத்து வெள்ளையின் இ4 சிப்பாயை முட்ட வேண்டும். வெள்ளை வெட்டினால் இன்னொரு சிப்பாயால் திருப்பி வெட்ட வேண்டும். அந்தத் தாங்கும் சிப்பாய்தான் சி6. பிரெஞ்சிலும் இதே வேலையைத்தான் இ6 செய்கிறது. ஆனால் அங்கே பிஷப்பின் வாசல் அடைபட்டது, இங்கே திறந்திருக்கிறது. சி8 பிஷப் முதலில் வெளியே போகும், அதற்குப் பிறகுதான் இ6 வைத்துக் கதவைச் சாத்துவோம். இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் கரோ-கானில் பாதி புரிந்த மாதிரி. இதற்கு விலையும் உண்டு. குதிரைக்கு இயல்பான சி6 கட்டத்தில் சிப்பாய் உட்கார்ந்துவிடுகிறது. பிறகு சி5 தள்ள வேண்டி வந்தால் ஒரே சிப்பாயை இரண்டு தடவை நகர்த்தியதாக ஆகும்.

2. டி4 டி5-க்குப் பிறகு வெள்ளைக்கு முக்கியமாக மூன்று வழி.

முதலாவது, டி5-ல் வெட்டுவது. நாம் சி சிப்பாயால் திருப்பி வெட்டுவோம். இப்போது போர்டைப் பாருங்கள். நமக்கு சி வரிசை பாதி திறந்துவிட்டது, வெள்ளைக்கு இ வரிசை பாதி திறந்துவிட்டது. நம் யானை சி8-க்குப் போகும், பி சிப்பாய் பி5, பி4 என்று முன்னேறி வெள்ளையின் மூன்று சிப்பாய்களை நம் இரண்டு சிப்பாய் போய்க் கிளறும். வெள்ளையோ ராஜா பக்கம் பார்ப்பார். நான்காவது மூவில் வெள்ளை சி4 வைத்தால் கொஞ்சம் உஷார். அதற்கு பானோவ் தாக்குதல் என்று பெயர். பல நேரம் வெள்ளையின் டி சிப்பாய் துணையில்லாமல் தனியாக நிற்கும். அதன் முன்னால், டி5-ல், ஒரு குதிரையைக் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் நம் வேலை. எழுந்திருக்கவே கூடாது அந்தக் குதிரை.

இரண்டாவது, இ5 என்று தள்ளிவிட்டுப் போவது. நாம் சந்தோஷமாக பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவரலாம். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்து பார்த்துவிட்டேன். வெள்ளை ஹெச்4 வைக்கும். அது என்ன ஓரத்துச் சிப்பாய், நமக்கென்ன என்று வழக்கம்போல் இ6 வைத்தால் போச்சு! ஜி4 வந்து பிஷப்பை விரட்டும். இ4-க்குப் போனால் எஃப்3. ஜி6-க்குத் திரும்பினால் ஹெச்5. அவ்வளவுதான், பிஷப்புக்குப் போக இடமே இல்லை. ஆகவே ஹெச்4 வந்தால் நாமும் ஹெச்5 வைத்துவிட வேண்டும். ஏன் என்று புரிந்து வைத்தால் மறக்காது: ஜி4-க்கு வரும் சிப்பாயைத் தடுக்க.

மூன்றாவது, குதிரையை சி3-க்குக் கொண்டுவந்து இ4-ஐக் காப்பது. நாம் இ4-ல் வெட்டுவோம், குதிரை திருப்பி வெட்டும். உடனே பிஷப் எஃப்5. குதிரை ஜி3-க்கு வந்து மிரட்டும், பிஷப் ஜி6-க்குப் பின்வாங்கும். வெள்ளை ஹெச்4 வைக்கும். இங்கே நம் பதில் ஹெச்6. பிஷப் ஒதுங்க ஹெச்7-ல் ஒரு பொந்து வேண்டும். பிறகு குதிரை டி7, இ6, இன்னொரு குதிரை எஃப்6 என்று வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஆனந்தும் கார்ல்சனும் சென்னையில் ஆடியது இந்த வகைதான்.

இதே இடத்தில் பிஷப்புக்குப் பதில் குதிரையை டி7-ல் வைக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. நல்ல வழிதான். ஆனால் அதில் இரண்டு கண்ணிவெடி. ஒன்று, வெள்ளை ராணியை இ2-க்குக் கொண்டுவரும்போது நாம் யோசிக்காமல் இன்னொரு குதிரையை எஃப்6-ல் வைத்தால், வெள்ளைக் குதிரை டி6-க்குக் குதித்து செக்மேட்! இ7 சிப்பாயால் வெட்டலாமே என்று கை போகும். வெட்ட முடியாது, ராணி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆறாவது மூவில் ஆட்டம் காலி. நண்பர்களிடம் ஒரு தடவை பண்ணிப் பாருங்கள், இரண்டு நாளைக்குப் பேச மாட்டார்கள்.

இன்னொரு வெடியில் விழுந்தவர் யார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காஸ்பரோவ்! 1997 மே மாதம், நியூயார்க். ஐ.பி.எம். கம்ப்யூட்டர் டீப் புளூவுடன் ஆறாவது, கடைசி ஆட்டம். ஸ்கோர் 2½-2½. தன் வழக்கமான சிசிலியனை விட்டுவிட்டு அவர் கரோ-கானை எடுத்தார். குதிரை டி7 வழி. வெள்ளைக் குதிரை ஜி5-ல் வந்து நின்றது. ஏழாவது மூவில் ஹெச்6 வைத்து அதை விரட்டினார். கம்ப்யூட்டர் விரட்டப்படவில்லை, குதிரையை இ6-ல் தியாகம் செய்தது. கறுப்பு ராஜா நடுவில் மாட்டிக்கொள்ள, வெள்ளையின் 19-வது மூவுடன் உலக சாம்பியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்த ஹெச்6-க்கு முன்னால் பிஷப்பை டி6-க்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது கரோ-கான்காரர்களுக்கு அரிச்சுவடி. சொந்த வீடு இல்லாத டிபென்ஸில் உலக சாம்பியனுக்கே அந்த கதி. நம் கதி கேட்கவா வேண்டும்?

வெள்ளை இரண்டு குதிரைகளையும் சீக்கிரம் சி3, எஃப்3 என்று கொண்டுவரும் வகை ஒன்றும் இருக்கிறது. அதில் மட்டும் பழக்க தோஷத்தில் இ4-ல் வெட்டி பிஷப்பை எஃப்5-ல் வைக்க வேண்டாம். பிஷப்பை ஜி4-க்கு அனுப்பி எஃப்3 குதிரையைக் கட்டுங்கள். காரணத்தைப் போர்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், எழுதினால் பக்கம் போதாது. மலர்க் குழு அண்ணன் ஏற்கெனவே "சுருக்குடா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

சரி, வெள்ளை முதல் மூவே டி4 வைத்தால்? கரோ-கான் படித்தவனுக்கு இங்கே ஒரு போனஸ். டி5, அடுத்து சி6. அதே இரண்டு சிப்பாய், அதே சுவர். இதற்கு ஸ்லாவ் டிபென்ஸ் என்று பெயர். இங்கேயும் பிஷப் முதலில் வெளியே, பிறகு இ6. ஆனால் அவசரம் கூடாது. 1. டி4 டி5 2. சி4 சி6 3. குதிரை எஃப்3 வந்த உடனே பிஷப்பை எஃப்5-க்கு அனுப்பினால், வெள்ளை டி5-ல் வெட்டி ராணியை பி3-க்குக் கொண்டுவந்து பி7 சிப்பாயைக் குறிவைக்கும். அதைக் காக்க வேண்டிய பிஷப்தான் வெளியூர் போய்விட்டதே! முதலில் குதிரை எஃப்6, பிறகு சி4 சிப்பாயை வெட்டிவிட்டு, வெள்ளை ஏ4 வைத்ததும் பிஷப் எஃப்5. இந்த வரிசைதான் முக்கியம். ஆக இரண்டு டிபென்ஸ், ஒரே சிப்பாய் அமைப்பு. செமஸ்டருக்கு ஒரு பேப்பர் குறைந்த மாதிரி.

இனி படிக்கும் விதம். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ரெக்கார்ட் நோட்டு மாதிரி அழகாகவெல்லாம் இருக்காது. கறுப்பில் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் அதில் எழுதி, எந்த மூவில் எனக்குத் தெரிந்தது முடிந்ததோ அங்கே ஒரு சிவப்புக் கோடு போடுவேன். அந்தக் கோட்டுக்கு அடுத்த ஒரே ஒரு மூவை மட்டும் அன்றைக்குக் கற்றுக்கொள்வேன். அடுத்த தடவை கோடு ஒரு மூவ் தள்ளி வரும். மொபைலில் லிச்செஸ் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் கம்ப்யூட்டரே தப்பைக் காட்டிவிடும். ஆனால் முதலில் நீங்களாக யோசித்து, தப்பு எங்கே என்று நோட்டில் எழுதிய பிறகுதான் கம்ப்யூட்டரிடம் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிய அசைன்மென்ட் மாதிரி, கையெழுத்து நம்முடையது, சரக்கு வேறு யாருடையதோ.

அந்த நோட்டைப் புரட்டியபோது ஒரு உண்மை தெரிந்தது, அது எனக்கே கொஞ்சம் வெட்கம். நான் தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவை ஓப்பனிங்கால் தோற்றவை அல்ல! இருபதாவது மூவில் யானையைச் சும்மா கொடுத்தது, கடிகாரத்தைப் பார்க்காமல் விட்டது, சிப்பாய் முடிவாட்டத்தில் ராஜாவை ஒரு கட்டம் தப்பாக நகர்த்தியது. இப்படித்தான். ஆகவே ஒரு மணி நேரம் செஸ்ஸுக்கு ஒதுக்கினால் ஓப்பனிங்குக்குப் பத்து நிமிடம் போதும். மீதி நேரம் தந்திரப் புதிர்கள், முடிவாட்டம். டிபென்ஸ் செய்ய வேண்டிய வேலை, உங்களைப் பத்து மூவ் வரை எலும்பு முறியாமல் கொண்டுபோய் விடுவது. அதற்கு மேல் அதனிடம் கேட்காதீர்கள். தோற்ற உடனே டிபென்ஸை மாற்றுவதும் வேண்டாம். நான் பிர்க்கிலிருந்து பிரெஞ்சு, பிரெஞ்சிலிருந்து வேறு என்று மூன்று மாதம் தாவினேன். அரியர் வைத்தவன் கைடை மாற்றிக்கொண்டே இருப்பது போலத்தான்.

சிசிலியன் ஆட ஆசையாக இருப்பவர்கள் தாராளமாக ஆடுங்கள், நான் தடுக்கவில்லை. அடிதடி ஆட்டம் பிடிக்கும், தோற்றாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஒரே வேண்டுகோள்: நஜ்டார்ப்பைத் தொடுவதற்கு முன்னால், இரண்டாவது மூவில் டி4-க்கும் சி3-க்கும் பதிலைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த வருடமும் மண்டலப் போட்டிக்குப் போனோம். எனக்கு இரண்டாவது போர்டு. இரண்டாம் சுற்றில் எதிரே பார்த்தால் அதே ஒல்லி, அதே கண்ணாடி! எனக்குக் கறுப்பு. ஒரு வருடமாக இந்த நிமிடத்துக்காகத்தான் கரோ-கான் படித்தேன். மனசு படபடவென்று அடிக்க, சி6 வைக்கத் தயாராகக் கையை எடுத்தேன். அவர் டி4 வைத்தார்.

சிரிப்பு வந்துவிட்டது. டி5, சி6 என்று ஸ்லாவ் ஆடினேன். பன்னிரண்டாவது மூவ் வரை நோட்டில் இருந்தது, அதற்குப் பிறகு நானாக யோசித்தேன். அவர் ஒரு சிப்பாய் எடுத்துவிட்டார். ஆளுக்கொரு யானையோடு நின்ற முடிவாட்டத்தை அறுபத்தொன்று மூவ் வரை இழுத்து டிரா செய்தேன். கை குலுக்கும்போது, "போன வருஷம் சிசிலியன்தானே ஆடினீங்க?" என்று கேட்டார். ஞாபகம் வைத்திருக்கிறார் மனுஷன்! அன்றைக்கு அணி 2½-க்கு 1½ என்று ஜெயித்தது. அந்த அரைப் புள்ளி என்னுடையது. இரவு கேப்டன் அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஷிப்டில் இருந்தார். "எத்தனை மூவ்?" என்றார். அறுபத்தொன்று என்றேன். "எட்டைவிட ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மாலை ஐந்தரைக்கு மேல் காமன் ரூமில் போர்டு விரித்திருக்கும். ஒரு யானையைக் காணோம், அதற்குப் பதில் டார்ச் லைட் பேட்டரி செல் ஒன்று நிற்கும், குழம்ப வேண்டாம். கறுப்பில் ஆட விருப்பமுள்ளவர்கள் வரலாம். வெள்ளைக்குத்தான் ஏற்கெனவே வரிசை நீளமாக இருக்கிறது.